அரிசி சமைக்காத வீடு

"ஒரு கை அரிசி போதும்யா. நொய்யா இருந்தாலும் சரி, வண்டு விழுந்ததா இருந்தாலும் சரி."

வாசற்படிக்கு வெளியே நின்றபடி பூலோகம் இதை இரண்டாம் முறையாகச் சொன்னார். எம்.பி. வேங்கடசுப்ரமணியனுக்கு எரிச்சல் மூக்குவரை வந்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து திரும்பி முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை. அந்த மாட்டுங்கா வீட்டின் நிலைப்படியில் கட்டிய மாவிலை இன்னும் வாடவில்லை. முந்தின நாள் சாயங்காலம் கட்சிக்காரர் திருவேங்கடம் ஊரையே கூட்டி வந்து, நாதஸ்வரம் என்ன, ஆரத்தி என்ன, அட்சதை என்ன, ரோஜா மாலை என்ன என்று வாசலை அமர்க்களப்படுத்தியிருந்தார்.

அறுபத்தாறாம் வருஷம் அது. மழை ஏமாற்றியதில் பம்பாய் ரேஷன் கடைகளில் அரிசி கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்டது. கோதுமைக் கப்பல்களுக்காக அமெரிக்க அதிகாரிகளிடம் பேசப் போன குழுவில் வேங்கடசுப்ரமணியனும் ஒருவர். அங்கே போய்க் காத்துக் கிடந்ததும், அவர்கள் சொன்ன புத்திமதிக்கெல்லாம் தலையாட்டியதும் அவருக்குத்தான் தெரியும். எப்படியோ, கப்பல்கள் வரப்போகின்றன.

ஜனங்களுக்கு அரிசி கிடைக்கும்வரை தன் வீட்டிலும் அரிசி சமைப்பதில்லை என்று புறப்படும் முன்பே மேடையில் சபதம் செய்திருந்தார். அதைப் பற்றி எழுத ஒரு பத்திரிகை நிருபர் இன்னும் சற்று நேரத்தில் வரப்போகிறார். அந்த நேரம் பார்த்துத்தானா இந்த மனிதர் வந்து அரிசி அரிசி என்று நிற்க வேண்டும்?

பூலோகம் தெரியாத ஆள் இல்லை. தாராவியில் தோல் ஷெட்டில் வேலை. போன தேர்தலில் ராத்திரி பகல் பாராமல் போஸ்டர் ஒட்டியவர். எம்.பி. வெளிநாடு கிளம்பிய வாரம்கூட வந்திருந்தார். பெண்டாட்டி முப்பிடாதியம்மாள் படுத்த படுக்கையாகிவிட்டாள், ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை, கஞ்சிக்குக் கொஞ்சம் அரிசி ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்டார். திரும்பி வந்ததும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியது இப்போது ஞாபகத்துக்கு வந்தது. எம்.பி.க்கு உள்ளூரக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"ஆத்துக்காரி இப்ப எப்படி இருக்கா?" என்று குரலைத் தணித்துக் கேட்டார்.

"படுத்துக் கெடக்கா ஐயா."

"வலி?"

"வலியெல்லாம் இப்ப இல்ல."

"பாத்தேளா, தேறிண்டு வரா" என்றார் எம்.பி. மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது. கோதுமை ரவையைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்தால் வயிற்றுக்கு இதமாக இருக்கும் என்று செய்முறைகூடச் சொல்லிக் கொடுத்தார்.

பூலோகம் கேட்டுக்கொண்டார். பிறகு, அரிசியாக ஒரு கை கிடைக்குமா என்றார்.

எம்.பி.யின் மனைவி ராஜலக்ஷ்மி காபியோடு வாசலுக்கு வந்தாள். பூலோகம் வேண்டாம் தாயி என்று இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. வாக்குத் தவறியதில் மனுஷனுக்கு நம்மேல் கோபம், வேறென்ன என்று எம்.பி. நினைத்துக்கொண்டார்.

ராஜலக்ஷ்மிக்குப் பாவமாக இருந்தது. அரிசிப் பானையைக் கழுவிக் கவிழ்த்து மாசக்கணக்காகிறது, இருந்தால் கொடுக்க மாட்டேனா, அக்கம்பக்கத்தில் யாரிடமும் இல்லையா என்று கேட்டாள்.

"எங்க லைன்ல வீடு வீடாக் கேட்டாச்சு தாயி. எல்லாத்துக்கும் கோதும மாவுதான் இருக்கு. ஐயா வந்துட்டாகன்னு சொன்னாக. அதான் ஓடியாந்தேன்."

எம்.பி.க்குப் பொறுமை போய்விட்டது. எத்தனை கப்பல் வந்தால்தான் என்ன, இந்த ஜனங்களுக்கு விடிவே கிடையாது என்ற சலிப்பு வந்தது. யாருக்காக அங்கே போய் அவ்வளவு அவமானப்பட்டோம் என்று தோன்றியது.

"ஒரு கை அரிசியில உங்காத்துப் பசி தீர்ந்துடுமா? நாக்கைக் கொஞ்சம் கட்டுங்கோ பூலோகம். நாடே பழக்கத்தை மாத்திண்டு வரது."

ராஜலக்ஷ்மி ஒரு பை நிறையக் கோதுமையைக் கொண்டுவந்து வைத்தாள். பூலோகம் அதைக் கும்பிட்டுவிட்டு அங்கேயே விட்டார். போகத் திரும்பியவரின் பார்வை தரையில் விழுந்தது. அப்படியே குந்தி உட்கார்ந்தார். காய்ந்த ரோஜா இதழ்களை ஒதுக்கி, நேற்று மிதிபட்டுக் கிடந்த மஞ்சள் அட்சதையை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

தெருவில் டாக்ஸி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நிருபர்தான். எம்.பி.க்கு வேர்த்துவிட்டது.

"என்ன காரியம் பண்றேள்? காலடியில கிடந்ததைக் கொண்டுபோயா சமைக்கப் போறேள்?"

பூலோகம் நிதானமாகக் கடைசி மணியையும் எடுத்தார். துண்டின் முனையில் முடிந்துகொண்டு எழுந்தார்.

"சமைக்க இல்ல ஐயா. நல்லது நடந்த வாசல்ல நின்னு சொல்லக் கூடாதேன்னு பாத்தேன். விடியுததுக்கு முன்னாலயே அவ போயிட்டா, தூக்குததுக்கு எல்லாரும் காத்துக் கெடக்காக. வாய்ல போட அரிசி வேணும்லா, கோதுமையவா போட?"