வடிகட்டி போட்ட மார்க்

“பேரும் தெரியக்கூடாது, போட்டோவும் தெரியக்கூடாது. ரெண்டையும் மறைச்சாத்தான் நான் மார்க் போடுவேன்.”

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மகளின் கணினி முன்னால் வந்து உட்கார்ந்தார் வடிகட்டி. பெரிய தொழிற்சாலை ஒன்றில் ஆள் எடுக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நேர்முகத் தேர்வுக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேரை முதல் கேள்வியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்பதால் அங்கே வைத்த பெயர் அது. மனிதருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

“மறைச்சாச்சுப்பா. வெறும் ‘விண்ணப்பதாரர்’னுதான் வரும்,” என்றாள் மகள்.

“வேலை குடுக்கிறவன் பேரு?”

“அதையுமா?”

“பின்னே? பெரிய கம்பெனின்னா கை தாராளமா மார்க் போடும். சின்ன கம்பெனின்னா இளப்பமா இருக்கும். எதுவும் தெரியாம போட்டாத்தான் நியாயம்.”

மகள் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு அதையும் மறைத்தாள்.

இந்த இணையதளத்துக்காகத்தான் அவள் கைநிறையச் சம்பளம் வந்த வேலையை விட்டிருந்தாள். வேலை தேடுகிறவர் தனக்கு என்னென்ன தெரியும் என்று அதில் எழுத வேண்டும். விரும்புகிற வேலைக்கு எது எது குறைகிறது என்று தளம் சொல்லும். குறையைச் சரிக்கட்டப் பாடமும் பயிற்சியும் கொடுக்கும். கடைசியில் அனுபவசாலி ஒருவர் சோதித்துப் பார்த்து மார்க் போடுவார்.

“முதல் ஆளே இவர்தான்பா. இவர் தேறலைன்னா வேற ஆளத் தேடற எண்ணமே எனக்கு இல்ல. கடையைக் கட்டிட்டுப் பழைய வேலைக்கே போயிடுவேன்.”

வடிகட்டி நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பெற்ற மகள் இத்தனை நாள் பட்ட பாடு இந்த ஒரு ஆளோடு போய்விடுமா? ஆனாலும் மகள் என்பதற்காக அரை மார்க் கூடுதலாகப் போடுகிற ஜாதி இல்லை அவர்.

“சரி, முதலாளி என்ன எதிர்பாக்கறான்? படி.”

“பெரியவங்க பேசும்போது குறுக்க பேசக்கூடாது. ஒரே கதைய எத்தனை தடவ சொன்னாலும் முதல் தடவ கேக்கற மாதிரியே கேக்கணும். ஒழுகற குழாயச் சரிபண்ணத் தெரியணும். சிக்கனம் வேணும். சீக்கிரம் எழுந்திருக்கணும். என்ன திட்டினாலும் கோபம் வரக்கூடாது.”

“யாரும்மா இந்த ஆளு? வேலைக்கு ஆள் கேக்கறானா, சாமியாரத் தேடறானா?”

சமையலறையில் இருந்த மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

“தண்ணியக் குடி,” என்று அந்தப் பக்கம் குரல் கொடுத்துவிட்டுத் திரும்பினார். “சம்பளமாவது ஒழுங்காக் குடுப்பானா?”

“அதப்பத்தி வாயே திறக்கலப்பா.”

“கஞ்சப் பய. இவன்கிட்ட மாட்டப் போறவன் பாவம்.”

இருமல் இன்னும் பலமாகக் கேட்டது.

சோதனை ஆரம்பமானது. ஒற்றை விரலால் தட்டித் தட்டி, தொழிற்சாலையில் இயந்திரம் நின்றுபோனபோது தான் சமாளித்த கதையை எழுதி அனுப்பினார் வடிகட்டி. ‘அப்புறம் என்ன ஆச்சு ஐயா?’ என்று பதில் வந்தது. சற்று நேரம் கழித்து, வேண்டுமென்றே அதே கதையை மறுபடியும் அனுப்பினார். ‘இயந்திரம் திரும்ப ஓடினப்போ உங்களுக்கு எப்படி இருந்தது ஐயா?’ என்று வந்தது. வடிகட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த வீட்டில் யாரும் அந்தக் கதையை இயந்திரம் நிற்கிற இடத்தைத் தாண்டிக் கேட்டதில்லை.

அடுத்தது குழாய். நேரலைப் படத்தில் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. பழைய வாஷரைக் கழற்றி, புதியதை மாட்டி, திருகி முடித்ததும் ஒழுகல் நின்றது. கீழே சிந்திய தண்ணீரையும் அந்தக் கைகளே துடைத்தன.

“துடைக்கச் சொல்லவே இல்லியே,” என்று முணுமுணுத்தார்.

கடைசியாகக் கோபம். ‘உனக்கெல்லாம் எவன் வேலை குடுப்பான்?’ என்று காட்டமாக ஒரு வரி அனுப்பினார்.

‘ஒருத்தர் குடுத்தாப் போதும் ஐயா. அவர் மனசு மாறணும்னுதான் இத்தனை நாளாக் கத்துக்கிட்டு இருக்கேன்.’

மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். வடிகட்டி தொண்ணூற்றெட்டு என்று போட்டார்.

“ரெண்டு மார்க் எங்கப்பா போச்சு?”

“சீக்கிரம் எழுந்திருக்கறத நான் கண்ணால பாக்கலியே.”

அதோடு விடவில்லை. மனசு நிறைந்துபோய், யாரும் கேட்காமலே கீழே ஒரு வரி சேர்த்தார்: ‘இந்தத் தம்பியை வேண்டாம் என்று சொல்கிற முதலாளிக்கு ஆளை எடைபோடத் தெரியாது.’ கையெழுத்தும் போட்டார்.

“அந்த முதலாளி ஏதாவது முரண்டு பிடிச்சா என்கிட்ட சொல்லு. நான் பேசிக்கறேன்,” என்றார்.

“நீங்க பேசினாக் கண்டிப்பாக் கேப்பாருங்க,” என்றபடி, இருமல் சுத்தமாக நின்றுபோன மனைவி வந்து பக்கத்தில் நின்றாள்.

“இப்பப் பேரக் காட்டட்டுமாப்பா?”

“காட்டு. மார்க்தான் போட்டாச்சே.”

மகள் ஒரு பொத்தானை அழுத்த, போன வருஷம் பெண் கேட்டு வந்து, முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவர் குறைமேல் குறையாக அடுக்கி வாசலோடு திருப்பியனுப்பிய பையன் திரையில் கைகூப்பிச் சிரித்தான். அதற்குக் கீழே முதலாளி என்ற இடத்தில் வடிகட்டியின் சொந்தப் பெயரும், வேலை என்ற இடத்தில் ‘மாப்பிள்ளை’ என்றும் இருந்தன.