தாத்தா வேஷம்

நாரணாபுரத்தில் சீரியல் படப்பிடிப்பு. சாயங்கால டீ இடைவேளையில், இயக்குநர் மணிகண்டராஜ் முன்னால் வந்து நின்றார் குருவம்மாள். பட்டாசு கம்பெனியில் வேலை முடிந்து நேராக வந்திருந்தார்.

“ஐயா, உங்க சீரியல்ல தாத்தாவா வாராகளே, அவுகளை எப்பச் சாகடிப்பீக?”

மணிகண்டராஜுக்கு டீ புரையேறியது.

“யாரு, சோணைமுத்து ஐயாவையா? இன்னைக்கு அவருக்கு இங்க சீன் இல்ல. நாடகம், சினிமான்னு ஆயுசு முழுக்க நடிச்சவரும்மா. அவர் சிரிச்சா ஊரே உட்கார்ந்து பார்க்குது.”

“நானுந்தான் ஒருநாள் விடாமப் பாக்கேன். அவுக கையில வேற படம் ஏதும் இருக்கா?”

“இல்லம்மா, இது ஒண்ணுதான்.”

“அப்ப நல்லதாப் போச்சு. ஒரு நெஞ்சுவலியை வரவச்சு, போட்டோவுக்கு மாலையைப் போட்டுருங்க.”

சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மணிகண்டராஜுக்குச் சுருக்கென்றது.

“அந்த நல்ல மனுஷன் மேல அப்படி என்னம்மா கோபம்? அவர் பேரைச் சொல்லக்கூட உங்களுக்கு வாய் வரலையே!”

“புருஷன் பேரை எப்பிடிய்யா சொல்லுவேன்?”

மணிகண்டராஜ் எழுந்தே விட்டார்.

குருவம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நாடகத்துல ராஜா வேசம் கட்டுன காலத்துல இருந்து ஒரே பேச்சுத்தான். ‘இந்த வேசம் முடியட்டும் குருவு, வீட்டோட வந்துருதேன்’ங்காக. நீங்க மனசு வச்சா, இந்தத் தீவாளிக்காவது வந்துருவாகல்ல?”