அணையாத திரை

லாகோஸ் சந்தையில் எபியேரே பழைய கம்ப்யூட்டரை ஓடவிட்டுப் பார்க்கும்போதே கரண்ட் போயிற்று. கடையில் மற்றதெல்லாம் அணைந்தது. அவள் முன்னிருந்த திரை மட்டும் எரிந்தது. உள்ளே பேட்டரி இருப்பது கடைக்காரன் ஓசாரோவுக்குத் தெரியவில்லை என்று எண்ணி, சந்தோஷத்தை மறைக்க முகத்தைச் சுளித்தாள்.

“ரொம்பக் கிழடா இருக்கே தம்பி. பாதி விலைக்குக் குடு.”

“எடுத்துக்கங்கக்கா. திருப்பி மட்டும் கொண்டாராதீங்க.”

மறுநாள் வீட்டில் மூன்று மணிக்குக் கரண்ட் போனது. ஐந்துக்குள் தட்டச்சு செய்து அனுப்பாவிட்டால் அவள் வேலை போய்விடும். பேட்டரி அதுவரை தாங்குமா என்று கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தாள்.

உள்ளே கொஞ்சம் தூசி இருந்தது. வேறு எதுவுமே இல்லை.

திரை எரிந்துகொண்டுதான் இருந்தது. எபியேரே மூடியைத் திருகி மூடினாள். இன்னும் நான்கு பக்கம் பாக்கி.