குவானோ-சான் வீட்டுச் சிவப்பு மரம்

ஆளில்லாத வீட்டுத் தோட்டத்தில் ஏணி போட்டு, பக்கத்து வீட்டு அம்மாள் நிஷிகோரி-சான் மேப்பிள் மரத்தை மொட்டையடித்துக்கொண்டிருந்தார்.

பேஸ்பால் பயிற்சிக்குக் கிளம்பிய நான் சைக்கிளை நிறுத்திக் காலை வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார். சொல்லிக்கொண்டே இன்னொரு இலையை வெட்டினார்.

மரம் குவானோ-சானுடையது. அவரே ஒட்டுக் கட்டி வளர்த்த தேஷோஜோ வகை. ஏப்ரலில் துளிர்க்கும்போதே செக்கச்செவேலென்று இருக்கும். கோடையில் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரிப் பச்சையாகிவிடும். இலையுதிர் காலத்தில் மறுபடி சிவக்கும். ஏப்ரல் வந்தால் குவானோ-சான் வாசலில் நின்று, போகிற தபால்காரரைக்கூட விடாமல் உள்ளே இழுத்துக் காட்டுவார்.

இந்த ஏப்ரலில் அவர் இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். இந்த ஜூன் கடைசியில்தான் வீடு திரும்புகிறார். வந்த கையோடு அவர் மகள் சப்போரோவுக்கு அழைத்துப் போகிறாள். வீட்டை விற்றாகிவிட்டது. இலையுதிர் காலத்துச் சிவப்பு வேறு யாருக்கோ.

பார்க்கப் போன என் அம்மாவிடம் அவர் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். "சிவந்துச்சா?" என்று மட்டும் கேட்டாராம்.

அந்த மரத்தைத்தான் நிஷிகோரி-சான் மொட்டையடிக்கிறார்.

இரண்டு வீட்டுக்கும் பல வருஷத்துப் பகை. நவம்பரில் இலையெல்லாம் வேலி தாண்டி இவர் வாசலில் விழும். இவர் கூட்டி, பையில் கட்டி, அவர் கேட்டில் தொங்கவிடுவார்.

"உங்க சொத்து எங்க வாசலுக்கு வந்துடுச்சு, குவானோ-சான். பத்திரமா எடுத்து வெச்சுக்குங்க."

"சும்மா காட்டினா உங்களுக்கு அருமை தெரியாது, நிஷிகோரி-சான். டிக்கெட் போட்டிருக்கணும்."

இரண்டு குரலையும் நான் செய்து காட்டினால் வகுப்பே சிரித்து உருளும்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. தெருச் சங்கத் தலைவர் முராய்-சான் எங்கள் வீட்டுக்கு வந்து, வழக்கம்போல இரண்டு செருமல் செருமிவிட்டுச் சொன்னார்.

"மனுஷன் படுத்திருக்கிற நேரம் பாத்துப் பழி தீத்துக்குது அந்தம்மா."

நேரில் கேட்டுவிடலாமே என்றாள் அம்மா. முராய்-சான் தரையைப் பார்த்தார். அவர் கேட்கத்தான் போயிருந்தார். எங்கள் தெருவில் யாரும் யாரையும் நேராகக் கேட்டுவிட மாட்டார்கள். மழைக்காலம் எப்போது தொடங்கும் என்று பேசி, ஏழெட்டு முறை குனிந்து வணங்கி, அந்த அம்மாள் கொடுத்த பிளம் ஊறுகாய் ஜாடியோடு திரும்பியிருக்கிறார்.

எனக்கு மட்டும் ஒன்று குடைந்தது. மறுநாள் காலையில் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். இலைகள் இல்லை. ஆனால் காம்புகள் இருந்தன. வெட்டிய ஒவ்வொரு இலைக்கும் காம்பை மட்டும் விட்டுவைத்திருந்தார். கோபத்தில் பிய்க்கிறவர் காம்பைப் பார்த்துப் பார்த்தா வெட்டுவார்?

நான் போய்க் கேட்டாலும் ஊறுகாய்தான் கிடைக்கும். குவானோ-சான் கேட்டால்?

அன்று சாயங்காலம் நிஷிகோரி-சான் கடைசிக் கிளைக்காக ஏணியில் ஏறினார். நான் குடையோடு மதில் சுவருக்கு வெளியே உட்கார்ந்தேன். இது தப்பு என்று என்னைத் தடுக்க வந்த முராய்-சான், என் பக்கத்தில் வசதியாகக் குந்திக்கொண்ட பிறகுதான் அதைச் சொன்னார்.

குடையைக் கைத்தடியாக்கித் தார் ரோட்டில் தட்டினேன். டக், டக். அப்புறம் என் தொண்டையில் குவானோ-சானின் அந்தக் கரகரப்பு.

"நிஷிகோரி-சான். வந்துட்டேன். என் மரத்தை என்ன பண்ணினீங்க?"

கத்தரிக்கோல் கீழே விழுகிற சத்தம் கேட்டது. முராய்-சான் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். நிஷிகோரி-சான் மாட்டிக்கொண்டார் என்று இருவருமே நினைத்தோம்.

ஏணி கிறீச்சிட்டது. அவசரமாகச் செருப்புகள் கேட் வரை ஓடிவந்தன. அவர் கேட்டை உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொண்டார்.

"உள்ள வராதீங்க, குவானோ-சான். மாசக் கடைசின்னுதானே சொன்னாங்க, ஏன் அதுக்குள்ள வந்தீங்க? ஜூன்ல இலையை வெட்டிட்டா மறுபடி சிவப்பாத் துளிர்க்கும்னு வருஷா வருஷம் வேலியில சாஞ்சு காது புளிக்கச் சொன்னது நீங்கதான். இன்னும் ஒரு துளிர்கூட வரல. தயவுசெஞ்சு ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போயிடுங்க. சிவந்ததும் நானே வந்து கூட்டிட்டு வரேன்."