மே மாதத் தக்காளி

வேலூரில் மார்ச் பிறந்துவிட்டால் தக்காளிப் பூவெல்லாம் கருகி உதிரும், பிஞ்சு பிடிக்காது. வீட்டுக்கு வீடு மாடியில் செடிகளைக் கண்காணிக்கும் தோட்டக் கருவி, "செடிகளைப் பிடுங்கிவிடுங்கள், ஆகஸ்டில் நடலாம்" என்று சொல்லும். எல்லோரும் பிடுங்கிவிடுவார்கள். தையல் வேலை செய்யும் ஓவியா மட்டும் பிடுங்கவில்லை.

"மெஷினுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப் போவுது?" என்று கணவன் இனியன் சிரித்தான்.

முதல் கோடையில் ஒரே ஒரு செடியில் இரண்டு பழங்கள் நின்றன. தின்ன மனம் வராமல் விதையெடுத்து நட்டாள். அடுத்த கோடையிலும் அப்படித்தான். ஆறு வருடம் அந்த வீட்டில் யாரும் கோடைத் தக்காளியை ருசி பார்க்கவில்லை.

ஏழாவது வருடம், நாற்பத்தேழு டிகிரி வெயிலில், செடிகள் குலைகுலையாய்க் காய்த்தன. அதை நம்பாத கருவி, தன்னிடம்தான் ஏதோ பழுது என்று தோட்டத்துறைக்குப் புகார் அனுப்பியது. பார்க்க வந்த பெண் அதிகாரி கருவியைச் சோதித்துவிட்டு, ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்தார்.

"மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு. இப்படி ஒரு ரகம்தான் எங்ககிட்ட இல்ல. பதிவு பண்ணணும். என்ன பேரு வைக்கலாம்?"

இனியன் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

"எம் பேரையே எழுதுங்க. ஓவியா."

அன்று சாயங்காலம் இனியன் விதைப் பொட்டலங்களோடு படியிறங்கிப் போனான். கீழ்வீட்டுக் கதவைத் தட்டி அவன் உரக்கச் சொன்னது, மாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அவளுக்குக் கேட்டது.

"ஓவியா தக்காளி வெத கொண்டாந்திருக்கேன். மே மாசத்துலயும் காய்க்கும். எம் பொண்டாட்டி கண்டுபுடிச்சது!"