சமைச்சவனே சாப்பிடணும்

"உங்க ஜிப்பி இன்னிக்கு எத்தனை பேர் வேலையைக் காவு வாங்குச்சு, கிரெட்சன்?"

மீட்டிங் ரூமுக்குள் நுழைந்ததுமே ஆர்லன் ஆரம்பித்துவிட்டார். கிரெட்சன் சிரித்துக்கொண்டே டோனட்டைக் கடித்தாள்.

ஜிப்பி, எழுதவும் படம் காட்டவும் அவள் குழு செய்த சாஃப்ட்வேர். திடீர் திடீரென்று அப்படியே நின்று தொங்கும். ஆனாலும் சியாட்டில் பக்கத்திலிருந்த அந்தப் பெரிய கம்பெனிக்கே அதுதான் சோறு போட்டது. அதே வேலைக்கு ஆர்லன் குழு செய்தது ஸ்டெடி. அது தொங்கவே தொங்காது. தங்கக் கம்பி! என்ன, வாங்கத்தான் ஆள் இல்லை.

இன்றைக்குப் பெரிய தலை டுவைட் முடிவு சொல்லப் போகிறார். ஸ்டெடிக்கு மூடுவிழா என்றால் ஆர்லனோடு அவர் குழுவும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஆனாலும் அவர் வாய் மட்டும் குறையவில்லை.

"விக்கிறதெல்லாம் சரக்கா, டுவைட்? தரம்னு ஒண்ணு வேணாமா?" என்றபடி திரையில் படத்தைப் போட்டார். "இதைப் பாருங்க. ஸ்டெடி இதுவரைக்கும் ஒரு தடவைகூட..."

திரை அப்படியே நின்றுபோனது. தட்டினார். அசையவில்லை. மூலையில் ஜிப்பியின் சின்னமான மஞ்சள் முயல் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

ரூமே கொல்லென்று சிரித்தது.

"ஏம்ப்பா ஆர்லன், இதை ஜிப்பியிலயா செஞ்சே?" என்றார் டுவைட்.

"அது வந்து... ஸ்டெடியில கலர் படம் வராது..."

டுவைட் சிரிப்பை நிறுத்தினார். "இந்தக் கம்பெனியில சமைச்சவனே முதல்ல சாப்பிடணும். அதான் விதி. உன் சாஃப்ட்வேரை நீயே தொடலைன்னா வேற எவன் தொடுவான்? மூடிடலாம்."

ஆர்லன் மானம் போய் நின்றார்.

"ஒரு நிமிஷம், டுவைட்." கிரெட்சன் விரலில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்தாள். "நாங்களும் அந்த விதியை மீறிட்டோம். ஜிப்பியில வர்ற கோளாறையெல்லாம் ஸ்டெடியிலதான் எழுதி வைக்கிறோம். ஜிப்பியில எழுதினா அதுவும் சேர்ந்து தொலைஞ்சிடும். ஸ்டெடியை மூடினா, அடுத்த ஜிப்பி வெளிய வராது."

டுவைட்டின் முகம் சிவந்தது. "வெட்கமா இல்லே உனக்கு? இதை வெளிய எங்கயும் சொல்லித் தொலைச்சிடாதே!" தாடையைச் சொறிந்தார். "சரி, ஸ்டெடி இருக்கட்டும். நாளைக்குக் காலையில வந்து பார்க்கிறேன், அதுல என்னதான் எழுதுறீங்கன்னு."

வெளியே வந்ததும் ஆர்லன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "பார்த்தியா! கடைசியில தரம்தான் ஜெயிச்சுது. உன் ஆளுங்களே திருட்டுத்தனமா என் சரக்கைத்தான்..."

"கத்தாதீங்க ஆர்லன்! எங்க ஒருத்தர் மெஷின்லகூட ஸ்டெடி கிடையாது. டுவைட் வந்து நிக்கிறதுக்குள்ள ஏத்திக் குடுங்க."

ஆர்லன் குரலைத் தாழ்த்தினார். "எனக்காகவா அத்தனை பேர் முன்னாடி திட்டு வாங்கினே? உன்னை நான் எவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கேன்!"

"பின்னே? நீங்க பேசுறப்போ பாதியில தொங்கினது என் சாஃப்ட்வேர்தானே!"