இருட்டுக் கண்ணாடி

"பாருக்கா, மறுபடியும் இருட்டாக்கிட்டாரு!"

பட்டாசு பேனாவை மேஜைமேல் விட்டெறிந்தாள். வாயைத் திறந்தால் வெடிப்பாள் என்பதால் ஆபீஸில் அவளுக்கு அந்தப் பெயர்.

மேனேஜர் அறையின் கண்ணாடிச் சுவர் நீலமாகி, கருநீலமாகி, உள்ளே இருப்பவரை முழுசாக மறைத்துவிட்டது.

அந்தக் கம்பெனி தயாரிப்பதே அதைத்தான். மின்சாரம் கடத்தும் ஒருவகை பிளாஸ்டிக்கை மெல்லிய பூச்சாகக் கண்ணாடியில் ஏற்றுவார்கள். கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் கண்ணாடி இருட்டும், மாற்றிக் கொடுத்தால் தெளியும். ஒழுங்காக நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது பட்டாசுக்கும் பக்கத்து மேஜை அக்காவுக்கும் வேலை.

"நாம இங்க கண்ணு பூத்துப்போய் உக்காந்திருக்கோம். அவரு உள்ள குறட்டை விடறாரு. பொண்ணைக் கூட்டிட்டு வர தினமும் கொஞ்ச நேரம் பர்மிஷன் கேட்டா மட்டும், சட்டத்துல இடமில்லையாம்!"

"அவர் தூங்கற நேரத்துலதானே நீயும் நைசா நழுவறே?"

"அது வேற விஷயம்க்கா."

கைப்பையோடு பின்வாசல் வழியாக ஓடினாள். அடுத்த தெருவில்தான் பள்ளிக்கூடம். மகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்ணாடி தெளிந்தது.

வேலை நேரத்தில் சீட்டை விட்டு நழுவினால் சம்பளம் கட். அடிக்கடி மாட்டினால் வேலையே போய்விடும். முதலாளி போட்ட சட்டம். பார்த்து எழுத வேண்டியவர் மேனேஜர்.

அந்த வாரம் முதலாளி வந்தார்.

"இந்த லாட்ல சில கண்ணாடி நிறமே மாறல சார். டெஸ்டிங்ல கோட்டை விட்டிருக்காங்க" என்றார் மேனேஜர்.

பட்டாசு வெடித்தாள்.

"நாங்க கோட்டை விட்டது இருக்கட்டும் சார். தினமும் மத்தியானம் இவரு கண்ணாடியை இருட்டாக்கிட்டுத் தூங்கறாரே, அதை யாரு கேக்கறது?"

"அப்படியா?" முதலாளி திரும்பினார்.

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது இல்லாவிட்டால் எதிரே நிற்பவர் யாரென்றே அவருக்குத் தெரியாது. மாட்டிக்கொண்டு பட்டாசை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், "தூங்கல சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

"ஒயரைப் பிடுங்கச் சொல்லுங்க. இனிமே உங்க கண்ணு எப்பவும் இவங்க மேலயே இருக்கணும்."

பட்டாசுக்கு அன்று தலைகால் புரியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விடும் நேரம். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பளிச்சென்ற கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அக்கா, இந்த மனுஷன் கண்ணை எடுக்க மாட்டேங்கறாரே! பாப்பா தனியா நிப்பாளே!" அழுகை வந்துவிட்டது.

மேனேஜர் எழுந்து வெளியே வந்து, அவள் மேஜைக்கு எதிரே நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"உன்னோட பெரிய தொல்லையாப் போச்சும்மா. பார்த்தா எழுதணும்னு எனக்கு உத்தரவு. பார்க்காம இருக்க ஒரு கண்ணாடி இருந்துது. அதையும் கெடுத்துட்டே."

பட்டாசு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இனிமே இந்தக் கண்ணாடிதான். எதிர்ல நிக்கறது யாருன்னே தெரியல. யாரா இருந்தாலும் சரி, சீக்கிரம் போயிட்டு வாம்மா. பாப்பா கேட்டுல நிக்கும்."